உப்பு வண்டிக்குப் பத்து நிமிடம் முன்னால்

என் மனைவி ஐந்து குளிர்காலங்கள் சைக்கிளில் வேலைக்குப் போனாள். அந்த ஐந்து குளிர்காலங்களும் நான் காரில் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் மறைத்துவைத்துச் சொன்னது போலாகும். நான் மறைத்தது ஏற்கெனவே போதும்.

நியூ ஜெர்சியில் பார்சிப்பனியில் அப்போது எங்களுக்கு இரண்டாம் மாடியில் ஒரு அபார்ட்மெண்ட். கிரீன் கார்டு கைக்கு வந்த மாதமே அவள் ஒரு டேகேரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாள். வீட்டிலிருந்து இரண்டரை மைல். என் அலுவலகம் அதற்கு நேர் எதிர்த்திசையில். கார் ஒன்றுதான்.

இன்னொரு கார் வாங்கியிருக்கலாம். ஆனால் அவளுக்கு ஓட்டத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் அலுவலகத்தின் காலியான பார்க்கிங்கில் அவளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினேன். நான்காவது ஞாயிறு அது முடிந்தது.

"பிரேக்! பிரேக்னா எது? இடது பக்கம் இருக்கே, அது!"

"கத்தாதீங்க. நீங்க கத்தினா எது இடதுன்னே மறந்துபோகுது."

"கத்தலை. சொல்றேன்."

"இதுதான் சொல்றதுன்னா, கத்தினா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க வேண்டாம் எனக்கு."

காரை நிறுத்தினாள். சாவியை எடுத்து டேஷ்போர்டின் மேல் வைத்தாள். இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "ஏறு, ஏறு" என்று கெஞ்சியபடி அவள் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தேன். முக்கால் மணி நேரம் நடந்தே வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அந்தச் சமயத்தில் எதிர் வீட்டுக் குடும்பம் டெக்சாஸுக்கு மாற்றலாகிப் போனது. போகும்போது அவர்கள் விட்டுவிட்டுப் போனவற்றில் ஒரு பச்சைச் சைக்கிளும் இருந்தது. என் மனைவி கரூரில் கல்லூரிக்கு மூன்று வருடம் சைக்கிளில் போனவள். அதைப் பால்கனியில் தலைகீழாக நிறுத்தி, என் பழைய பனியனால் செயினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தாள். பின் சக்கரம் சத்தமில்லாமல் சுழன்றது. "இது போதும் எனக்கு" என்றாள்.

நவம்பரில் நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். அவள் நிறுத்தவில்லை. யூடியூபில் பார்த்தும், இரண்டு முறை விழுந்தும், பனியில் சைக்கிள் ஓட்டும் வித்தையைத் தானே கற்றுக்கொண்டாள். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்க வேண்டும், அப்போதுதான் அது தரையைப் பற்றும். வளைவில் பெடல் செய்யக் கூடாது. முன் பிரேக்கைத் தொடவே கூடாது. பாலத்தின் மேல் எந்த பிரேக்கையும் தொடக் கூடாது, ஏனென்றால் அடியிலும் காற்று இருப்பதால் ரோடு உறைவதற்கு முன்பே பாலம் உறைந்துவிடும். எனக்குப் பொறியியல் பட்டம் உண்டு. பாலம் முதலில் உறையும் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது வருடம் அவள் பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"புடவை வேண்டாம். டயர் வாங்கிக் குடுங்க. ஆணி வெச்ச டயர்."

அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, யூ ஆர் இன்சேன்" என்றாள். ஆனால் தோழிகளிடம் போனில் அதைப் பெருமையாகச் சொன்னதை நான் கேட்டேன். சின்னச் சின்ன இரும்பு முனைகள் பதித்த அந்த டயர் வந்ததும் என் மனைவி அதைச் சோபாவில் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆணியாகத் தடவிப் பார்த்தாள்.

அவள் கிளம்புவதே ஒரு காட்சி. உறைந்துபோன தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை ஹீட்டர் காற்று வரும் இடத்தில் ஐந்து நிமிடம் வைப்பாள். அது உருகுவதற்குள் உடுத்தி முடித்துவிடுவாள். உள்ளே தெர்மல், மேலே சுடிதார், அதற்கும் மேலே மகளுடைய பழைய பனிச்சறுக்கு பேன்ட். ஒரு சாக்ஸ், அதன் மேல் பிரெட் வந்த பிளாஸ்டிக் கவர், அதன் மேல் இன்னொரு சாக்ஸ். என் மங்கி கேப், அதன் மேல் ஹெல்மெட். கடைசியில் எண்ணெயைக் கன்னத்திலும் மூக்கிலும் பூசிக்கொள்வாள். பொட்டு மட்டும் வைத்திருப்பாள். மங்கி கேப்பின் விளிம்புக்குக் கீழே அது பாதி தெரியும்.

"போயிட்டு வரேன்."

"பாத்துப் போ."

அதற்கு மேல் நான் ஒன்றும் சொன்னதில்லை. 'இரு, நான் டிராப் பண்றேன்' என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. எதிர்த்திசை, காலையில் இந்தியாவோடு ஃபோன் கால் என்று எனக்குள் நூறு காரணம் வைத்திருந்தேன். அவள் கேட்கவும் இல்லை. கேட்காததற்குக் காரணம் அவளுக்குச் சைக்கிளில் போவது பிடித்திருந்தது என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது.

சாயங்காலம் நான் வரும்போது அவள் முன்பே வந்திருப்பாள். மூக்கு சிவந்திருக்கும். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே பேச ஆரம்பிப்பாள்.

"இன்னிக்கு ரோடு எப்படி?" என்று கேட்டால் போதும். சர்ச் வாசலில் மூன்று மான்கள் நின்றன, ஒன்று அவளையே பார்த்தது. ஓடை மேலே உறைந்திருக்கிறது, ஆனால் அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. மூலை வீட்டுக்காரர் கிறிஸ்துமஸ் விளக்கை இன்னும் எடுக்கவில்லை. ஒரு தெருவில் மட்டும் பனி நீலமாகத் தெரிகிறது, ஏனென்று தெரியவில்லை. நான் அதே ஊரில்தான் காரில் போய் வந்துகொண்டிருந்தேன். ஒரு மானைக்கூட நான் பார்த்ததில்லை. இப்போது எழுபதைத் தாண்டிவிட்ட எனக்கு, இந்த நாட்டில் வாழ்ந்த இத்தனை வருடங்களில் எது திரும்பக் கிடைக்க வேண்டும் என்று கேட்டால், அந்த ரசத்தின் ஆவியும் அந்த அரைமணி நேரச் செய்தியும் என்றுதான் சொல்வேன்.

ஐந்தாவது குளிர்காலம். தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கலுக்கு ஒரு வீட்டில் பாட்லக் வைத்தோம், ஆளுக்கு ஒரு பதார்த்தம். நான் தயிர்சாதத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர் ஒருவர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"என்ன அங்கிள், ஆன்ட்டிய ஸ்னோல சைக்கிள்ல அனுப்பிட்டு நீங்க சீட் ஹீட்டர் போட்டுக்கிட்டுப் போறீங்களாமே? நல்லா இருக்கு உங்க நியாயம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி, "அவருக்கு என் சைக்கிள்ல பேலன்ஸ் வராதுப்பா, அதான் கார்ல போறாரு" என்றாள். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். வீடு திரும்பக் காரில் ஏறினோம். சீட் ஹீட்டரை அணைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் திங்கட்கிழமை அவளுக்கு டேகேரில் ஒரு வகுப்பைத் தனியாகக் கொடுத்திருந்தார்கள். அதுவரை உதவியாளராக இருந்தவள் அன்றுமுதல் டீச்சர். குழந்தைகளின் பெயர்களை வண்ணக் காகிதத்தில் வெட்டி ஞாயிறு முழுவதும் ஒட்டிக்கொண்டிருந்தாள். திங்கள் விடியும் முன்பு மழை பெய்து, விழுந்தவுடனே உறைந்திருந்தது. பிளாக் ஐஸ் என்பார்கள் இங்கே. கண்ணுக்கு ஈர ரோடு மாதிரி இருக்கும், கால் வைத்தால்தான் தெரியும்.

அவள் வழக்கமாகக் கிளம்புவது எட்டு மணிக்கு. ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, "பனி உருக இன்னும் ரோட்டுல உப்பு போடலை. வெளிச்சம் வரட்டும், எட்டு மணிக்கே போறேன்" என்றாள்.

இந்தியக் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த தமிழ் நாள்காட்டி ஃபிரிட்ஜின் மேல் தொங்கியது. நான் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "ஏழரைலேர்ந்து ஒன்பது ராகு காலம். முதல் நாள் அதுவுமா ராகு காலத்துலயா கிளம்புவ? ஏழேகாலுக்கே போயிடு. அங்க போய் உக்காந்துக்கோ."

"இருட்டா இருக்குங்க."

"ஆணி டயர் இருக்குல்ல?"

அவளும் நாள்காட்டியைப் பார்த்தாள். எண்ணெய் உருகும்வரைகூடக் காத்திருக்காமல் கிளம்பினாள். அவள் திரும்பிய மூலையிலிருந்து நான் எதிர்ப்பக்கம் திரும்பி, உப்புப் போட்ட ஹைவேயில் போனேன்.

ஓடைப் பாலத்தின் மேல் விழுந்தாள். அவள் பிரேக்கைத் தொடவில்லை. ஆணிகளுக்கும் மிஞ்சிய பனி அது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. அவளைத் தூக்கி உட்காரவைத்தது அந்த ரோட்டுக்கு உப்புப் போட வந்த லாரியின் டிரைவர். ஆம்புலன்ஸ் வரும்வரை தன் கோட்டை அவள் மேல் போட்டுவிட்டு நின்றிருக்கிறார். மருத்துவமனையில் மாவுக்கட்டோடு சிரித்துக்கொண்டே இதை என்னிடம் சொன்னாள்: "பத்து நிமிஷம் முன்னாடி வந்துட்டீங்கம்மான்னு சொல்றான் அவன். ஸாரி வேற சொல்றான், தான் லேட்டுன்னு."

அந்தப் பத்து நிமிடம் என்னுடையது. அவளுடையதும் அல்ல, அந்த டிரைவருடையதும் அல்ல.

ஒரு விஷயம் அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரையுள்ள பொழுதை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கைச் சொல்வதுதான் ராகு காலம். நாள்காட்டியில் இருப்பது ஆறு மணிக்கு உதிக்கிற சூரியனின் கணக்கு. எங்கள் ஊரில் ஜனவரியில் சூரியன் வருவதே ஏழு இருபதுக்கு. அந்தக் கணக்கில் ராகு காலம் எட்டரைக்கு மேல்தான் தொடங்கும். எட்டு மணிக்கு அவள் கிளம்பியிருந்தால் ராகுவுக்கும் கோபம் வந்திருக்காது, ரோட்டிலும் உப்பு விழுந்திருக்கும். நான் அலுவலகத்தில் நாள் முழுவதும் கணக்குப் பார்த்துப் பிழைத்தவன். இந்த ஒரு வகுத்தலை அவள் விழுந்த பிறகுதான் போட்டேன்.

போலீஸ்காரர்கள் பாலத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளை மறுநாள் காரில் ஏற்றிப் பக்கத்து ஊர்க் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார். முன் சக்கரத்தின் விளிம்பு வளைந்திருக்கிறது, சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதும், ஃப்ரேம் அருமையாக இருக்கிறது, வியாழக்கிழமை வாருங்கள் என்றார். நான் அந்தப் பச்சை ஃப்ரேமைப் பார்த்தேன். பாட்லக்கில் கேட்ட சிரிப்பு ஞாபகம் வந்தது. "வேண்டாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், யாருக்காவது உதவட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் அவள் கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்தபடி கேட்டாள். "என்ன சொன்னான்?"

"ஃப்ரேமே வளைஞ்சிடுச்சாம். ஒண்ணும் பண்ண முடியாதாம்."

மாவுக்கட்டைத் தடவினாள். பிறகு, "அவ்ளோ வேகமாவா விழுந்தேன்?" என்றாள்.

அந்தக் கேள்வி என் காதில் விழுந்தது. அதை நான் கவனிக்கவில்லை. பொய் செல்லுபடியானதா என்பதில்தான் என் கவனம் இருந்தது. செல்லுபடியானது. எல்லாரும் சைக்கிளைத்தான் குறை சொன்னார்கள். "இந்த வயசுல தேவையா ஆன்ட்டி?" என்றார்கள். நாள்காட்டியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

கை சரியானதும் நான் அவளைத் தினமும் காரில் கொண்டுபோய் விட்டேன், அவள் ஓய்வு பெறும்வரை. இந்தியாவோடு பேசும் நேரத்தை அரைமணி தள்ளிவைக்க முடிந்தது. கேட்டிருந்தால் ஐந்து வருடம் முன்பே முடிந்திருக்கும். 'மாறிட்டாரே அங்கிள்' என்று ஊர் மெச்சியது. காரில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி வருவாள். மான்கள் அந்த வழியில் அப்போதும் நின்றிருக்கும். சாயங்காலம் ரசம் கொதிக்கும்போது நான், "இன்னிக்கு எப்படி?" என்று கேட்டால், "என்ன எப்படி? நீங்களும்தானே வந்தீங்க" என்பாள். நான் மறுபடி கேட்பதை நிறுத்திவிட்டேன். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்க்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு வேண்டாம்" என்றாள். நான் கத்தியதை இன்னும் மனதில் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதுவரைதான் என் புத்தி போனது.

இது நடந்து பதினான்கு வருடங்கள் ஆகின்றன. மகள் கலிஃபோர்னியாவில் குபெர்டினோவில் இருக்கிறாள். நாங்கள் இருவரும் அதே ஊரில், இப்போது தரைத்தளத்தில். இந்த ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே, பாதி உருகிய பனியில் ஒரு பெண் சைக்கிளில் தள்ளாடித் தள்ளாடிப் போனாள்.

என் மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள். "காத்து ஜாஸ்தியா வெச்சிருக்கா பாருங்க. இந்த ரோட்டுக்குக் கொஞ்சம் இறக்கணும்."

சொல்லும்போது அவள் கட்டைவிரல் ஜன்னல் விளிம்பை அழுத்திப் பார்த்தது, டயரை அழுத்திப் பார்ப்பது போலவே. அந்த விரலைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"உன் சைக்கிள் ஃப்ரேம் வளையலை" என்றேன்.

"என்ன?"

"முன் சக்கரம் மட்டும்தான் போச்சுன்னான் கடைக்காரன். வியாழக்கிழமை வாங்கன்னான். நான்தான் வேண்டாம்னு அங்கேயே விட்டுட்டு வந்தேன்."

அவள் என்னையே பார்த்தாள். "ஏன்?"

பாட்லக்கைப் பற்றிச் சொன்னேன். அந்த ஆள் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன்.

"யாரு அது? எனக்கு ஞாபகமே இல்லையே."

சைக்கிளை மறுத்ததைவிட எனக்குப் பெரிதாக உறுத்திக்கொண்டிருந்தது அந்தத் திங்கட்கிழமைதான். அதையும் சொல்லிவிடலாம் என்று, "ஏழேகாலுக்கு உன்னைத் துரத்தினதும் நான்தான். நீ எட்டு மணிக்குன்னுதான் சொன்ன" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா? நானும்தானே காலண்டரைப் பாத்தேன். அதை நான் அன்னிக்கே விட்டுட்டேன்." டம்ளரை எடுத்தாள், குடிக்காமல் மறுபடி வைத்தாள். குரல் மாறியது. "ஆனா இது... இத்தனை வருஷமா நான் என்ன நெனச்சிட்டிருந்தேன் தெரியுமா? இரும்பே வளையற மாதிரி விழுந்திருக்கேன்னு. என் கையில ஒரு வண்டியை நம்பிக் குடுக்கக் கூடாதுன்னு. டேகேர்ல ஒரு குழந்தையைத் தூக்கிட்டுப் படியேற எனக்குக் கால் நடுங்கும். யாருகிட்டயும் சொன்னதில்லை. கார் கத்துக்கோன்னு நீங்க சொன்னப்போ எதுக்கு வேண்டாம்னேன்? உங்க கத்தலுக்கா? யாரையாவது கொன்னுடுவேன்னு பயம்ங்க எனக்கு."

"எனக்குத் தெரியாதும்மா."

"நீங்க கேட்டீங்களா?"

எழுந்து உள்ளே போனாள். கழுவாத டம்ளர் அப்படியே இருந்தது. நான் கழுவி வைத்தேன்.

சனியும் ஞாயிறும் அவள் என்னோடு பேசவில்லை. டிகாக்ஷன் போடுவாள், தனக்கு மட்டும் கலந்துகொள்வாள். நான் கலந்துகொண்ட காப்பி எதற்கும் உதவாது. மகள் வீடியோவில் வந்தபோது, "வாட் ஹேப்பண்ட்? ரெண்டு பேரும் சண்டையா?" என்று கேட்டாள். "உங்கப்பாகிட்ட கேளு" என்று என் மனைவி போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "தட் வாஸ் ஹெர் பைக், அப்பா" என்றாள். அவ்வளவுதான்.

திங்கள் காலை நான் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவள் கோட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, கையில் ஃபிளாஸ்க்கோடு வந்து நின்றாள்.

"காரை எடுங்க."

"எங்க?"

"அந்தக் கடைக்கு."

"சைக்கிள் கடைக்கா? இன்னும் இருக்கான்னு தெரியலையே."

"இருக்கு. ஃபோன்ல பாத்துட்டேன்."

அவளுக்கு அறுபத்தாறு வயது. மூன்று சக்கரச் சைக்கிள்கூட இப்போது நல்லதாக வருகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு விஷயத்துக்குப் போனேன். "கடை பத்து மணிக்குத்தானே திறப்பான். இப்ப ஏழேமுக்கால்."

"தெரியும்" என்றாள். ஃபிரிட்ஜின் மேல் தொங்கிய இந்த வருடத்து நாள்காட்டியை ஒரு தடவை பார்த்தாள். "ஏழேமுக்கால், திங்கக்கிழமை. நல்லாத் தெரியும். எடுங்க."

எடுத்தேன். சுற்றுவழி இருந்தது, ஆனால் அவள் பாலத்து வழியையே காட்டினாள். உப்பு போட்டிருந்தார்கள். ரோட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. பாலத்தில் நான் பிரேக்கைத் தொடவில்லை.

எட்டு மணிக்கெல்லாம் கடை வாசலில் நின்றோம். உள்ளே இருட்டாக இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் சைக்கிள்கள் வரிசையாகத் தெரிந்தன. ஹீட்டரைப் போட்டுக்கொண்டு காரிலேயே உட்கார்ந்தோம். அவள் ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காப்பியை ஊற்றிக் குடித்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மூன்று நாளாக வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன். எதையும் எடுக்கத் தோன்றவில்லை.

வெகுநேரம் கழித்து, சைக்கிள்களைப் பார்த்தபடியே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"பாலத்துல பழைய கம்பியை எடுத்துட்டுப் புதுசாக் கைப்பிடி போட்டிருக்கான். கீழ ஓடை இன்னும் உறையலை. ஓரத்துல மட்டும்தான்."

"நான் பாக்கலை" என்றேன்.

"நீங்க எங்க பாத்தீங்க" என்றாள். ஃபிளாஸ்க்கைக் குலுக்கிப் பார்த்து, மிச்சம் இருந்ததை மூடியில் ஊற்றி என் பக்கம் நீட்டினாள். "சர்ச் வாசல்ல ரெண்டு மான் வேற நின்னுது."

மணி எட்டே முக்கால். கடை திறக்க இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது.

"எப்படி நின்னுது?" என்று கேட்டேன்.